தேர் வீதியிலிருந்து டிங்கர் கடைக்கு

திருமங்கலம் தாண்டி

திருமங்கலத்தில் ராஜபாளையம் சாலையைப் பிடித்தால் வெகுதூரத்துக்குக் கரிசல்காடுதான். பருத்தியும் சோளமும் விளைகிற இடம் போக, மிச்சத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. டி.கல்லுப்பட்டியைக் கடந்தபின் மேற்கே மலை ஒரு நீலக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் அந்தக் கோட்டுக்கு உயரமும் மடிப்பும் வந்துவிடும். நாங்கள் போனது ஆடி மாதம். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை, இந்தப் பக்கத்துக்குக் காற்றை மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. சாலையோரக் கடைகளின் பேனர்கள் கிழிந்து படபடத்தன. இருசக்கர வண்டிக்காரர்கள் ஒருபக்கம் சாய்ந்தபடியே ஓட்டிப் போனார்கள்.

மதுரையில் ஏறிக்கொண்ட நண்பர் வழியெல்லாம் தன் சித்தப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் ஓடாமல் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஒரு டிங்கர் கடையில் விட்டு, கூரையை எடுத்துவிட்டு, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக்கொண்டிருக்கிறார். "சொந்தக்காரங்க எல்லாம் திட்டுறாங்க. அப்பா ஓட்டின வண்டியை இப்படி அறுக்கிறானேன்னு" என்றார் நண்பர்.

வெளியே சொல்லவில்லையே தவிர, நானும் அந்தத் திட்டுகிறவர்கள் கட்சிதான். சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்ப்பவன் நான். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி 'ஒரிஜினலா?' என்பதுதான். ஹெட்லைட் வளையம் ஒரிஜினலா, ஸ்டீயரிங் ஒரிஜினலா, சீட்டுத் துணியாவது ஒரிஜினலா? ஒரு திருகாணி மாறியிருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: ரத வீதி

பதினொரு நிலைக் கோபுரம் ஊருக்கு வெளியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆடிப்பூரத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஊர் முழுக்கத் தேர்ப் பேச்சுதான். டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கூட, "தேர் கட்டிக்கிட்டிருக்காங்க, பாத்துட்டுப் போங்க" என்று எங்களை வழியனுப்பினார்.

தேரடியில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்கள் என்று யார் விரல் மடக்கினாலும் திருவாரூர் ஆழித்தேருக்கு அடுத்து ஆண்டாள் தேருக்கு ஒரு விரல் மடங்கும். பக்கத்தில் நின்றால் அது வண்டியாகவே தோன்றுவதில்லை. அடுக்கடுக்காகச் சிற்பங்கள் செதுக்கிய ஒரு மர மண்டபத்துக்கு யாரோ சக்கரம் வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். கீழ் அடுக்கில் யாளி ஒன்று, தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன முகத்தோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் ஒரு பல் மட்டும் வெளிறிய புது மரத்தில் இருந்தது. யாரோ ஓர் ஆசாரி பின்னால் செதுக்கி ஒட்டியது. ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை வைத்துத் தடவியபோதுதான் பிடிபட்டது.

சாரத்தின் நிழலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தேர் கட்டும் வேலைக்குச் சின்ன வயதிலிருந்து வருகிறவராம்.

"ஐயா, இதுல எது பழசு, எது புதுசு?"

அவர் கயிற்றை விடாமலே தலையை மட்டும் நிமிர்த்தினார். "சிற்பம் இருக்கிற மரம் பழசு. அதுக்கு மேல நீங்க பாக்குற அம்புட்டும் இந்த வருஷத்துது. கம்பு, கயிறு, சீலை, தொம்பை எல்லாத்தையும் வருஷா வருஷம் ஏத்தி இறக்குறதுதான். சக்கரம் எங்க காலத்துல வந்தது."

மரச் சக்கரம் இருந்த காலத்தைக் கேட்டதும் கயிறு கீழே போனது. தேர் கிளம்பிய நாளிலேயே நிலைக்கு வந்துவிடும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்க மாட்டார்களாம். சக்கரம் மண்ணில் இறங்கிவிடும். பின்னாலிருந்து நெம்புதடி போடுவார்கள். திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். தேர் நடுவீதியில் நின்றுவிட்டால் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். சாமியும் அங்கேயே இருக்கும். அப்புறம் பல வருஷம் தேர் ஓடவே இல்லை. மறுபடி ஓட வைத்தது இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும்தான் என்றார். இப்போது காலையில் கிளம்பும் தேர் அன்றைக்கே நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

தமிழ்நாட்டின் பெரிய தேர்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். திருச்சி பெல் ஆலையில் கொதிகலன் செய்த கைகள்தான் பல ஊர்த் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்தன. திருவாரூர்த் தேரும் அந்த வகையில் சேர்ந்ததுதான். கோயில் தேருக்கு இரும்பா என்று அந்தக் காலத்தில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இப்போது வடம் பிடிக்கிற எவரும் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பதில்லை.

"மரச் சக்கரம் மாதிரி வருமா ஐயா?" என்று சும்மா கிளறிப் பார்த்தேன்.

"மரச் சக்கரத்தோட நின்னுக்கிட்டிருந்தா அது தேரா தம்பி? கொட்டாய்க்குள்ள இருக்கிற மரச் சாமான்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை மறுபடி கையில் எடுத்தார்.

கோயிலுக்குள் ஆண்டாள் கையில் இருக்கிற கிளியை எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். இலைகளைக் கோத்துச் செய்த பச்சைக்கிளி, அலகுக்கு மாதுளம்பூ. இன்று இருக்கும் கிளி நாளை இருக்காது. நாளைக்கு வேறு இலை, வேறு பூ. ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஆண்டாள் கிளி' என்று ஒருமையில்தான் சொல்வார்கள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தன் பேத்தியிடம், "அதே கிளிதான்டி, நான் சின்னப் பிள்ளையில பார்த்தது" என்றார். 'ஒரிஜினலா?' என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வெளியே வந்து பால்கோவா வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேர்வதில்லை. ஒரு கடையின் பின்கட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவருக்கு வியர்வை துடைக்கவும் நேரமில்லை. கையை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். சூட்டோடு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். லேசான மணல் பதம், புகை வாசனை. சென்னையில் இதே பெயரில் டப்பாவில் கிடைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்தான் என்று பட்டது.

ராஜபாளையம்: ஊருக்குள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஊரின் நாடித்துடிப்பே வேறு. அங்கே கோயில் மணிக்கு எழுந்திருக்கிறார்கள், இங்கே மில் ஷிப்டுக்கு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதிலிருந்து நூற்பாலைகளும், பிறகு சிமெண்டும் என்று இந்த ஊர் வளர்ந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர்.

பஞ்சாலை இருக்கும் ஊரில் லேத் பட்டறை இருக்கும். லேத் பட்டறை இருக்கும் ஊரில் யாராவது ஒருவர் எதையாவது அறுத்து வேறு எதையாவது செய்துகொண்டிருப்பார். கோயம்புத்தூரில் அப்படித்தான் ஆலைக் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் பந்தயக் கார்களைத் தானே கட்டினார். மாருதி எஞ்சினை வைத்து அவர் செய்த ஃபார்முலா மாருதி, ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தபின், செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நண்பரின் சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கு முன்னால் நின்றது ராஜபாளையம் நாய். சுத்த வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, வரிந்து கட்டிய வயிறு. 2005இல் தபால்தலையில் வந்த இனம். அது என்னை முகர்ந்து முடிக்கிற வரைக்கும் யாரும் பேசவில்லை.

"கூப்பிட்டா வராது சார், காது கேக்காது. தரையைத் தட்டினா வரும்" என்றார் சித்தப்பா. வெள்ளை நிறம் கெடக்கூடாது என்று நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இனம் சேர்த்துக்கொண்டு போனதில், இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வழக்கமாகிவிட்டது என்று விளக்கினார். "நிறத்தைக் காப்பாத்தினாங்க, காதை விட்டுட்டாங்க."

மத்தியானம் எண்ணெய் பரோட்டாவும் மட்டன் சுக்காவும். மொறுமொறுவென்று பொரிந்த பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, அது நனைந்து தளரும் அளவுக்குச் சால்னா ஊற்றுகிறார்கள். சென்னையில் சால்னாவைக் கிண்ணத்தில் தனியாக வைத்துவிட்டு இரண்டாவது முறை கேட்டால் முறைப்பார்கள். இங்கே வாளியோடு வந்து பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

டிங்கர் கடை

கடை என்றால் ஒரு வேப்பமரம், தகரக் கொட்டகை, கேஸ் வெல்டிங் சிலிண்டர்கள், வாசலில் கதவில்லாத ஒரு மினி லாரி. உள்ளே ஹெரால்டு இரண்டு இடத்தில் இருந்தது. சேஸும் எஞ்சினும் சக்கரங்களும் ஒரு மூலையில். பாடி இன்னொரு மூலையில், மரக்கட்டைகளின் மேல்.

இப்படிப் பிரித்து வைக்க முடிவதே ஹெரால்டின் விசேஷம். 1950களில் உலகம் முழுக்கக் கார் கம்பெனிகள் சேஸும் பாடியும் ஒன்றேயான ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அவ்வளவு பெரிய ஒற்றைக் கூட்டைச் செய்து தர வேறு ஆள் அமையவில்லை. வேறு வழியில்லாமல் பழையபடி தனி சேஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து, போல்ட் போட்டுப் பூட்டினார்கள். அதற்கு உருவம் வரைந்தவர் இத்தாலியின் டூரினைச் சேர்ந்த ஜியோவானி மிக்கலோட்டி. 1959இல் அங்கே வந்த கார், 1961இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் தயாரானது. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாதித் தமிழ்நாடு கார் ரிப்பேர் கற்றுக்கொண்டது இந்த வண்டியில்தான் என்பது கடையை நடத்தும் மேஸ்திரியின் கட்சி.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நாங்கள் போனபோது பின் மட்கார்டு அடித்துக்கொண்டிருந்தார். கம்பியை வளைத்து மட்கார்டின் வடிவத்துக்கு ஒரு கூடு கட்டி நிறுத்தியிருந்தார். தட்டைத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியலால் நடுவில் அடிக்கிறார். தகடு குழிகிறது. கொண்டுபோய்க் கூட்டின் மேல் வைத்துப் பார்க்கிறார். சேரவில்லை. மறுபடி மூட்டைக்கு. ஓரளவு சேர்ந்ததும் உள்பக்கம் இரும்பு டாலியை முட்டுக் கொடுத்து, வெளிப்பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுகிறார். டாலிக்கு நேர்மேலே அடி விழுந்தால் 'டிங்' என்று கேட்கும். விலகினால் 'டப்' என்கிறது. அவர் கண் தகட்டில் இல்லை, என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். காதுதான் வேலை பார்த்தது.

"மேடு பள்ளம் எப்படி அண்ணே தெரியும்?"

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தகட்டை ஒரு இழுப்பு இழுத்தார். "இப்ப குனிஞ்சு பாருங்க." கொட்டகையின் டியூப்லைட் தகட்டில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் கோடு நெளிந்தது. அந்த நெளிசலை எனக்குக் காட்டிவிட்டு இரண்டு தட்டு தட்டினார். கோடு நிமிர்ந்துவிட்டது.

சென்னையில் என் தெருமுனையில் இருந்த டிங்கர் கடை இப்போது உதிரிபாகக் கடை. இடிபட்ட பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுகிறார்கள். நெளிந்த கதவுக்குப் பட்டி அப்பித் தேய்த்து மறைக்கிறார்கள். "பட்டி ஒரு நூல் கனத்துக்கு மேல போச்சுன்னா அது டிங்கர் வேலை இல்ல தம்பி, கொத்தனார் வேலை" என்றார் மேஸ்திரி.

பிறகு சித்தப்பா தன் திட்டத்தை விளக்கினார். மிக்கலோட்டி வரைந்த இன்னொரு கார் 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அழகான ஸ்போர்ட்ஸ் கார். அதன் அடியில் இருந்தது ஹெரால்டின் சேஸ்தான், கொஞ்சம் குட்டையாக. ஹெரால்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83.

"அப்ப எட்டரை அங்குலம் வெட்டணுமே?" என்றேன்.

"மேஸ்திரி வெட்டலாம்னுதான் சொன்னாரு. நான்தான் கூடாதுன்னுட்டேன். சேஸ்ல கத்தி வைக்கக் கூடாது. அப்பா ஓட்டினப்ப ஸ்டீயரிங் எப்படி இருந்துச்சோ, வண்டி வளைவுல எப்படிச் சாஞ்சுச்சோ, அது அப்படியே இருக்கணும். தகடு என்ன சார், இதுக்கு முன்னாலயே மூணு தடவை மாத்தியாச்சு. துரு தின்னது போக ஒரிஜினல் தகடு எங்க இருக்கு?"

சேஸை வெட்டாததால் வண்டியின் பின்பக்கம் நீண்டுவிடும். மேஸ்திரி அதற்கும் வழி கண்டிருந்தார். பின் சீட்டை எடுத்துவிட்டு, முன் சீட்டு இரண்டையும் பின்னால் தள்ளினார். ஸ்டீயரிங் தண்டை அதற்கேற்ப நீட்டினார். ஓட்டுநர் ஏறக்குறைய பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார, முன்னால் நீளமான பானெட் கிடக்கும். அசல் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலே அதுதான். கூரை போனாலும் பலம் போகாது, பாரத்தைச் சுமப்பது சேஸ்தான். இன்றைய காரில் கூரையை அறுத்தால் நடுவில் தொய்ந்துவிடும்.

கதவு பொருத்தும் வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானதாம். பாடிக்கும் சேஸுக்கும் இடையில் பில்லை வைத்து, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கித் தளர்த்தி, கதவைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி வரவைக்க வேண்டும். பையன் ஒருவன் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டைச் சேர்த்து அந்த இடைவெளியில் ஓட்டிக்கொண்டே வந்தான். கீழ் மூலையில் நாணயம் சிக்கியது. "டேய், கழட்டுறா" என்றார் மேஸ்திரி. ஆரம்பத்திலிருந்து மறுபடி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். சித்தப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய கார்களுக்கென 2021இல் வந்த விதி இன்னும் கறார். ஐம்பது வயது தாண்டி, சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் 'விஏ' எழுத்துகள் கொண்ட பாரம்பரிய நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். இந்த ஹெரால்டு வயதில் தேறும், உடம்பில் தேறாது. "அதனால ரோட்டுக்கே கொண்டுவரப் போறதில்ல. தோப்பு இருக்குல்ல" என்றார் சித்தப்பா.

ரோட்டில் போகிற வண்டிகளை நினைத்தால் அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஆளாளுக்கு அறுத்து ஒட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்தால் எதிரே வருகிறவன் கதி என்ன? ஆனால் பாரம்பரியத்துக்கான அந்த அளவுகோலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துப்போனால், அச்சு மாறி, சக்கரம் மாறி, பிரேக் புதிதாக வந்து, மேல்கட்டு வருஷாவருஷம் மாறுகிற ஆண்டாள் தேரும் தேறாது. அங்கே சிற்ப மரத்தை வைத்துக்கொண்டு அடியை மாற்றினார்கள். இங்கே அடியை வைத்துக்கொண்டு மேலே மாற்றுகிறார்கள். இரண்டு இடத்திலும் மாற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. தேர் இருப்பது சாமி ஏறி வீதி சுற்றுவதற்கு. கார் இருப்பது ஓட்டுகிறவன் கைக்கு. அந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு மற்றதில் கை வைத்திருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிற கார்களில் பல, லாரியில் ஏற்றி மைதானத்துக்கு வந்து லாரியிலேயே வீடு திரும்புகிறவை.

முடங்கியார் சாலை

மறுநாள் சேஸை மட்டும் ஓட்டிப் பார்ப்பதற்காகத் தோப்புக்குப் போனோம். முடங்கியார் சாலையில் அய்யனார் கோயில் போகிற வழி. நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இந்தத் திசையில்தான். இருபக்கமும் மாவும் தென்னையும். மலை இப்போது நிமிர்ந்து பார்க்க வேண்டிய தூரத்தில். வேலி ஓரத்தில் குருத்து உருவப்பட்டு விழுந்து கிடந்த தென்னைகளைக் காட்டி, "யானை வந்துட்டுப் போயிருக்கு" என்றார் காவல்காரர், விருந்தாளி வந்துபோனதைச் சொல்கிற தொனியில்.

மினி லாரியிலிருந்து இறக்கிய சேஸில் ஒரு பலகையைக் குறுக்கே கட்டி, அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். அதுதான் சீட்டு. பானெட் இல்லை, கண்ணாடி இல்லை, தரையே இல்லை. காலுக்குக் கீழே கியர்பாக்ஸும் அதற்குக் கீழே தோப்பு மண்ணும் தெரிந்தன. சித்தப்பா ஓட்ட, நான் பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். எஞ்சின் கிளம்பியதும் மாமரத்திலிருந்து மைனாக்கள் மொத்தமாக எழும்பிப் போயின.

மரங்களுக்கு நடுவே வண்டி நெளிந்து நெளிந்து போனது. ஹெரால்டு இருக்கிற இடத்திலேயே திரும்பிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 25 அடி வட்டத்துக்குள் அது வளைந்ததை அன்று உடம்பில் உணர்ந்தேன். "வளைவுல ஆக்சிலேட்டரைச் சடார்னு விடக்கூடாது. பின் சக்கரம் உள்ள மடங்கிடும். அப்பா சொல்லிக் குடுத்தது" என்று கத்தினார். சொல்லிக்கொண்டே ஒரு வளைவில் லேசாக விட்டும் காட்டினார். பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளியது. எழுபதை நெருங்கும் மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பி வந்தபோது மேஸ்திரியும் நண்பரின் சித்தியும் மாமர நிழலில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு என்ன நிறம் என்பதுதான் வழக்கு. மேஸ்திரிக்குச் சிவப்பு. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்புதானாம். சித்தப்பாவுக்கு, அவர் அப்பா வைத்திருந்த அதே வெளிர்நீலம்.

"ராஜபாளையத்து வண்டிக்கு வெள்ளைதான்" என்றார் சித்தி.

"வெள்ளை வேண்டாம்க்கா. துளி நெளிசல் இருந்தாலும் காட்டாது, ஒளிச்சு வச்சுக்கும். நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்?" என்றார் மேஸ்திரி.

என்னையும் கேட்டார்கள். வெளிர்நீலத்துக்கு ஓட்டுப் போட்டேன். ஒரிஜினலுக்குப் போட்ட ஓட்டு என்று நண்பர் கேலி செய்தார். சித்தப்பா மட்டும் நீலத்தில் எந்த நீலம் என்று என்னிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.